நாடோடிகளும் வீடும்



சென்ற தை மாதத்தில் ஒரு நாள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஆவடிக்குக் களப்பயணம் சென்றனர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் என்னையும் துணைக்கு அழைத்திருந்தனர். ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களைப் பற்றி வரலாற்றாசிரியர் வகுப்பில் சொல்லியிருந்தார். அம்மக்களைக் காண ஐரோப்பாவுக்குச் செல்லுதல் எளிதன்று. ஆனால் நாடோடி வாழ்வினின்று நிலையான குடியிருப்புக்கு வந்த நரிக்குறவர் மக்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, ஆவடியில் வாழ்கின்றனர். இவர்களைக் கண்டு, அவர்களைப் பற்றியும் சிந்திக்கலாம் என்பது ஆசிரியரின் எண்ணம்.

மின்வண்டி மீஞ்சூரைக் கடந்தபோது ஒரு மாணவன் என்னருகே வந்து அமர்ந்தான். "ஐயா, இவர்களுக்கு எத்தனை வீடு கட்டிக் கொடுத்தாலும் அதில் தங்க மாட்டார்களாமே! அலைவது இவர்கள் இரத்தத்திலேயே ஊறியதாமே!" என்றான். கெட்ட எண்ணத்தில் அவன் அதைக் கேட்கவில்லை. ஊரார் பேசக் கேட்டதை அப்படியே சொன்னான். வண்டியின் இரைச்சலில் அதற்கு விடை கூற இயலவில்லை. அவனுக்கு அன்று சொல்ல விரும்பியதை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லுகிறேன்.

முதலில் பெயரை எடுத்துக் கொள்வோம். ஐரோப்பியர் ரோமா மக்களை 'ஜிப்ஸிகள்' என்று அழைத்தனர். அவர்கள் எகிப்து நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணியதால் பிறந்த பெயர் அது. நம் நாட்டிலும் இத்தகைய தவறு ஒன்று உண்டு. நரிக்குறவர் என்ற பெயரைக் கேட்டவுடன், குறிஞ்சி நிலத்துக் குறவரின் வழியினர் இவர்கள் என்று பலரும் எண்ணுகின்றனர். இவர்கள் தம்மை 'வாக்ரி' என்றே கூறிக் கொள்கின்றனர். இவர்களுடைய வாக்ரிபோலி மொழி திராவிட மொழியன்று. குசராத்தி முதலிய மேலை இந்திய மொழிகளோடு உறவுடையது. வீட்டிலே வாக்ரிபோலி, சந்தையிலே தமிழ், ஆந்திர எல்லையைத் தாண்டினால் தெலுங்கு என்று பல மொழிகளைப் பேசும் இவர்களைக் கல்லாதவர் என்று நாம் சொல்லி வருகிறோம்!

ரோமா மக்களின் வரலாற்றைக் காட்டிக் கொடுத்ததும் மொழியே. அவர்கள் எழுதி வைத்த ஏடுகள் இல்லை, கல்வெட்டுகள் இல்லை. 1782, 1783-ஆம் ஆண்டுகளில் ருய்டிகர், கிரெல்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் அவர்களுடைய பேச்சை ஆராய்ந்து, அது இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதினர். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவினின்று புறப்பட்ட கூட்டத்தார், பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்க நிலங்கள் வழியாக ஐரோப்பாவில் பரவினர் என்று இன்று கருதப்படுகிறது.

அவர்கள் நீரைப் 'பானி' என்கின்றனர். மூக்கை 'நாக்' என்கின்றனர். ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது என்னும் எண்களுக்குக் கிரேக்கச் சொற்களை வழங்குகின்றனர். என்னை மிகவும் கவர்ந்தவை வேறு இரண்டு சொற்கள். வீட்டிற்கு அவர்கள் வழங்கும் சொல் 'கேர்'. இந்தியிலும் குசராத்தியிலும் 'கர்' என்று வழங்கும் அதே சொல்தான் அது. வழிக்கு அவர்கள் வழங்கும் சொல் 'துரோம்'. அது கிரேக்கரிடமிருந்து பெற்றது. ஆகவே, வீடு என்னும் சொல்லை அவர்கள் பிறந்த மண்ணிலிருந்தே கொண்டு சென்றனர். வழி என்னும் சொல்லைப் போகும் வழியிலே கற்றனர். அலைவது அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்பாருக்கு இந்த இரு சொற்களையும் நான் எடுத்துக் காட்டுவேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நரிக்குறவரும் ரோமாக்களும் ஒரே இனத்தவர் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். இரு மொழிகளும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேல் ஒரே இனம் என்று நாட்டச் சான்று இல்லை. தேர்வுத் தாளில் அவ்வாறு எழுதிவிடாதீர்கள். இரு மக்களும் அரசுகளின் கையில் பட்ட பாடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே நாம் நோக்க வேண்டுவது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஹங்கேரியை ஆண்ட மரியா தெரேசா அரசியார் ரோமா மக்களை நிலையாகக் குடியமர்த்த எண்ணினார். எண்ணம் தீதென்று சொல்ல முடியாது. ஆனால் செய்தது என்ன? கூடாரத்தில் வாழலாகாது, குதிரையும் வண்டியும் வைத்திருத்தல் கூடாது என்று ஆணைகள் பிறந்தன. பழம் பெயரை நீக்கி, 'புதிய ஹங்கேரியர்' என்று பெயர் சூட்டினர். 1773-ஆம் ஆண்டில் அவர்கள் தமக்குள் மணம் செய்து கொள்வது தடுக்கப்பட்டது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு குடும்பங்களில் வளர்க்க ஆணையாயிற்று. குழந்தைகளில் பலர் ஓடித் தாயிடமே திரும்பினர். இதை விடக் கொடியவையும் உண்டு. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான மோல்டாவியாவிலும் வலாக்கியாவிலும் 1855, 1856-ஆம் ஆண்டுகள் வரை ரோமாக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். நாஜிகள் இலட்சக்கணக்கானோரைக் கொன்றனர். ஆஷ்விட்ஸ் முகாமில் எஞ்சியிருந்த ரோமா குடும்பங்கள் 1944 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவில் அழிக்கப்பட்டன.

நம் நாட்டிற்கு வருவோம். 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணமும் அதன் கீழ் வந்தது. பிறப்பினாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுத அது இடம் கொடுத்தது. குறவர் வகுப்பார் பலர் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். முகாம் போன்ற குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. இன்று ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் ஒன்று. அங்கும் வீடு இருந்தது. ஆனால் வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பூட்டு வெளிப்புறத்தில் இருக்கும் வீடு என்று அதைச் சொல்லலாம். சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டிலும், நாடு முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-ஆம் நாளிலும் அச்சட்டம் நீங்கியது. ஆயினும் ஊர் ஊராகச் செல்பவன் எவனும் ஐயத்திற்குரியவன் என்னும் எண்ணம் சட்டத்தோடு சேர்ந்து நீங்கிவிடவில்லை.

சரி, அவர்கள் அலைந்தது ஏன்? ஆவடியில் திண்ணையில் அமர்ந்து பாசிமணி கோத்துக் கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் நம் மாணவர்கள் இதைக் கேட்டார்கள். அவர் சிரித்தார். "ஒரே ஊரிலே நாலு நாள் ஊசியும் பாசியும் விற்றால் ஐந்தாம் நாள் எவர் வாங்குவார், தம்பி? அதனாலே அடுத்த ஊருக்குப் போனோம். மழைக்கு ஒதுங்க ஓர் இடம் இருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம்?" என்றார். வண்டியில் வினவிய மாணவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டான். பொருளியல் நூலில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது. கோயில் திருவிழாக்களும் வாரச் சந்தைகளும் எந்த வரிசையில் வருகின்றனவோ, அந்த வரிசையிலேயே அவர்களுடைய பயணமும் அமைந்தது. இடையிடையே குருவியும் நரியும் வேட்டை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாயிற்று. சட்டம் தேவையானதே, ஆனால் தொழிலை இழந்தவருக்கு மாற்று என்ன என்பதை எண்ணியவர் சிலரே.

கூடாரம் அடிக்க அவர்கள் நாடிய இடங்கள் தோப்பு, ஏரிக்கரை, இரயிலடிப் புறம்போக்கு. நம் மாவட்டத்தில் ஆலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகப் பெருக அவை சுருங்கின. இங்கே நீங்கள் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அரசு நிலமெல்லாம் ஒரு தன்மையன அல்ல. நத்தம் புறம்போக்கில் குடியிருப்பவர் வீட்டுமனைப் பட்டா பெறலாம். ஏரி, குளம், வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கில், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், பட்டா கிடைக்காது. நீர்நிலையைக் காக்க வேண்டியது அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழைக் குடும்பம் தங்க ஊரார் விடும் இடம் பெரும்பாலும் ஏரிக்கரைதான். அங்கே கதவு எண் இல்லை. முகவரி இல்லாத குடும்பம் குடும்ப அட்டைக்கு அலையும். சாதிச் சான்றிதழுக்கு அலையும். அலைவதை விட்டவரையும் அலுவலகங்கள் அலைய வைக்கின்றன.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் கூற வேண்டும். 1986-ஆம் ஆண்டு, இம்மாவட்டம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. நான் இளம் ஆசிரியன். என் மூன்றாம் வகுப்பில் நரிக்குறவர் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருந்தான். வாய்பாட்டை மற்றவரை விட விரைந்து சொல்லுவான். தந்தையோடு சந்தையில் சில்லறை எண்ணிப் பழகியவன். திடீரென்று வருவதை நிறுத்தினான். சில வாரங்கள் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, 'இருப்பிடம் தெரியவில்லை' என்று எழுதினேன். ஏரிக்கரையில் இருந்த கூடாரங்கள் ஒரே நாளில் அகற்றப்பட்ட செய்தி எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பள்ளியிலிருந்து அந்தக் கரைக்குக் கால் மணி நேர நடை. நான் போய்ப் பார்க்கவில்லை. மாணவன் வாராத போது வீட்டைச் சென்று காண்பது ஆசிரியன் கடமை என்று பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். கூடாரத்தை வீடு என்று அன்று நான் எண்ணவில்லை போலும்.

அண்மைக் காலத்தில் நிலை சிறிது மாறி வருகிறது. 2008-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நரிக்குறவர் நலவாரியம் அமைந்தது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஆவடிக் குடியிருப்புக்கே சென்று அம்மக்களோடு உரையாடினார். அவ்வாண்டு டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் வகுப்புகளைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. லோகூர் குழு இதனை 1965-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருந்தது! ஒரு பரிந்துரை சட்டமாக ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

சுவர் எழுப்பினால் மட்டும் போதாது என்பதற்கும் ஐரோப்பாவில் சான்று உண்டு. சுலோவாக்கியா நாட்டுக் கோசிட்சே நகரில் 'லூனிக் ஒன்பது' என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. ரோமாக்கள் அங்கே திரளாகக் குடியமர்த்தப்பட்டனர்; மற்றவர் விலகினர். நகரத்தின் ஓரத்தில், வேலையின்றி ஒதுங்கிய சேரியாக அது மாறியது. ஆவடியில் அந்த மூதாட்டியும் வீட்டைப் பற்றிப் பேசியதை விடச் சந்தையைப் பற்றித்தான் மிகுதியாகப் பேசினார். பாசிமணிக்கு இப்போது விலையில்லை, கடை வைக்க இடமில்லை என்பது அவர் கவலை.

மாலையில் திரும்பும் போது மாணவர்கள் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தனர். தங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள கூடாரங்களில் பள்ளி செல்லாச் சிறுவர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பார்கள். அவர்கள் இருக்கும் நிலம் நத்தமா நீர்நிலையா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிவார்கள். வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கலாகாது என 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுவதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இரயிலடியில் கூட வேண்டும் என்று ஏற்பாடு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.