கல்லறையை நாடிச் சென்ற நகரம்

உரோமைப் பேரரசு வீழ்ந்தது, நாகரிகமற்ற கூட்டத்தார் நகரங்களைத் தரைமட்டமாக்கினர், எங்கும் இருள் சூழ்ந்தது: குருமடத்தில் நாங்கள் படித்த வரலாறு ஏறக்குறைய இவ்வளவுதான். பிரான்சு நாட்டில் லுவார் நதிக்கரையிலுள்ள தூர் நகரின் கதையோ வேறு விதமானது.

உரோமையர் காலத்தில் அதன் பெயர் செசாரோதூனும். நான்காம் நூற்றாண்டில் பகைவர் அச்சத்தால் அம்மக்கள் மதில் எழுப்பினர். பரந்து கிடந்த ஊரில் மதிலுக்குள் அடங்கியது சுமார் 9 ஹெக்டேர் மட்டுமே. பழைய வட்டரங்கையும் மதிலோடு சேர்த்துக் கட்டினர். வேடிக்கை பார்க்கக் கட்டியது காவலுக்கு உதவிற்று! ஆயரின் பேராலயமும் மதிலுக்குள்ளேயே அமைந்தது.

397-ஆம் ஆண்டு நவம்பரில் ஆயர் புனித மார்த்தீனார் காந்து என்னும் சிற்றூரில் உயிர்நீத்தார். அவரது உடல் எங்களுக்கே என்று புவாத்தியே நகரத்தாரும் தூர் நகரத்தாரும் வழக்காடினர். நள்ளிரவில் புவாத்தியே மக்கள் கண்ணயர்ந்த வேளையில், தூர் மக்கள் உடலைச் சன்னல் வழியே இறக்கிப் படகில் ஏற்றிச் சென்றுவிட்டனர். பிற்காலத்தில் (573–594) அந்நகரின் ஆயராயிருந்த கிரகோரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். பக்தியா, களவா? அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நகருக்குள் பிணம் புதைப்பது உரோமைச் சட்டத்திற்கு விரோதம். ஆகவே மதிலுக்கு மேற்கே, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலிருந்த இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். நகரின் போக்கை மாற்றியது இந்தக் கல்லறைதான். முதலில் அதன்மேல் ஒரு சிற்றாலயம். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயர் பெர்பெத்துவுஸ் அவ்விடத்தில் 160 அடி நீளமும் 120 தூண்களும் கொண்ட பெருங்கோவிலைக் கட்டினார். திருயாத்திரிகர், நோயாளிகள், அடைக்கலம் தேடி ஓடி வந்தவர்கள் என்று கூட்டம் பெருகிற்று. கோவிலைச் சுற்றி மடங்களும் குடியிருப்புகளும் தோன்றின.

508-இல் பிராங்கு மன்னன் குளோவிஸ் இக்கோவிலில் ஊதா அங்கி தரித்து, குதிரையேறி, பொன்னும் வெள்ளியும் வாரி இறைத்தபடி நகரப் பேராலயம் வரை பவனி சென்றான். 589-இல் அரசாங்கத்தார் வரி விதிக்க வந்தபோது, முன்னைய மன்னர்கள் மார்த்தீனாருக்கு அஞ்சி இந்நகருக்கு வரிவிலக்கு அளித்ததை எடுத்துக்காட்டி வாதாடினார் கிரகோரியார். வரி நீங்கியது. ஏழைக் குடியானவனுக்கு இதைவிடப் பெரிய புதுமை வேறென்ன வேண்டும்?

796 முதல் 804 வரை மடாதிபதியாயிருந்த அல்குயின் காலத்தில் அம்மடம் விவிலியப் பிரதிகளுக்குப் பெயர்பெற்றது. பின்னர் 853-லும் 903-லும் வடநாட்டுக் கடற்கொள்ளையர் வந்து தீ வைத்தனர். மக்கள் கோவிலைவிட்டு ஓடிப் பழைய மதிலுக்குள்ளேயே ஒடுங்கிவிடவில்லை. கல்லறையைச் சுற்றித் தனி மதில் கட்டினர். 918-இல் அது நிறைவெய்திற்று. அதன்பின் ஒரே ஊருக்கு இரண்டு கோட்டைகள்; ஒன்றில் ஆயர், மற்றொன்றில் மார்த்தீனார். 14-ஆம் நூற்றாண்டில்தான் இரண்டையும் ஒரே மதில் வளைத்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் அக்கோவில் இடிக்கப்பட்டு, அதன் நடுவே தெரு போடப்பட்டது. தெருவின் அடியில் மறைந்திருந்த கல்லறை 1860-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.