ஹெர்மான் வால்டெஸ் (டின் டான்)
ஹெர்மான் வால்டெஸ் (19 செப்டம்பர் 1915 – 29 ஜூன் 1973) ‘டின் டான்’ எனப் புகழ்பெற்ற மெக்சிகோ நகைச்சுவை நடிகர், பாடகர், குரல் நடிகர். மெக்சிகோ நகரில் பிறந்தார். அமெரிக்க எல்லையை ஒட்டிய சியுதாத் ஹுவாரெஸ் நகரின் வானொலியில் பணியாற்றியபோது நடிப்புத் துறைக்கு வந்தார். தொளதொளப்பான கால்சட்டை, முழங்காலைத் தொடும் கோட்டு, இறகு செருகிய தொப்பி, தொங்கும் சங்கிலி ஆகியவற்றுடன் ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து பேசும் ‘பச்சூக்கோ’ இளைஞன் வேடம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

மார்செலோ சாவெஸ் அவரது நெடுநாள் திரைத் துணை. கில்பெர்த்தோ மார்த்தினெஸ் சொலாரெஸ் இயக்கிய ‘எல் ரேய் தெல் பாரியோ’ படத்தில், டின் டான், ரயில்வே ஊழியரைப் போல் பாவனை செய்தபடி அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு உதவும் திருட்டுக் கும்பல் தலைவனாக வருகிறார். நூறு படங்களுக்கு மேல் நடித்தார். டிஸ்னியின் ‘தி ஜங்கிள் புக்’ (1967), ‘தி அரிஸ்டோகேட்ஸ்’ (1970) படங்களின் லத்தீன் அமெரிக்க ஸ்பானியப் பதிப்புகளில் பாலு கரடிக்கும் ஓ’மாலி பூனைக்கும் குரல் கொடுத்தார். நடிகர்கள் ரமோன் வால்டெஸும் மனுவேல் வால்டெஸும் இவருடைய தம்பிகள்.