மக்கள் முன்னே, போதகர் பின்னே: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கிறிஸ்தவத் திருப்பணி

சமயப் பணி என்றால் போதகர் முன்னே செல்வார், சபை பின்னே தோன்றும் என்று கருதுவது பொது வழக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் கிறிஸ்தவர் வரலாறு இதற்கு மாறானது. இங்கே மக்கள் முன்னே வந்தனர். அவர்களைத் தேடிப் போதகர் பின்னே வந்தார்.

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்து இரயில் ஓடலாயிற்று. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதனையடுத்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. யாழ்ப்பாணத்தார் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தனர். தமிழகத்தார் கூலிகளாக வந்தனர். இவர்களுள் ஒரு பகுதியினர் முன்னரே கிறிஸ்தவர். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய பணியும், 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பணியும் அவர்களுக்கு வேராக இருந்தன.

1885இல் சிங்கப்பூருக்கு வந்த மெதடிஸ்டுத் திருச்சபை, 1897இல் கோலாலம்பூரில் ஆண்கள் பள்ளியை நிறுவியது. நூற்றாண்டு திரும்பும் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எஸ். ஆபிரகாம் போதகர் தமிழ்ச் சபையை நடத்தினார். தமிழ்க் கத்தோலிக்கருக்கெனப் புடுவில் 1910இல் புனித அந்தோணியார் ஆலயம் எழுந்தது. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் தமிழர், 1924இல் பிரிக்பீல்ட்சில் சீயோன் ஆலயத்தை எழுப்பினர். கிள்ளானில் 1928இல் லூர்து அன்னை ஆலயம் அமைந்தது.

இப்பணியை வளர்த்தது யாது? மொழியே எனலாம். நாள் முழுதும் பால்மரம் வெட்டிக் களைத்தவனுக்கு ஆங்கிலப் பிரசங்கம் என் செய்யும்? லயத்துக்கு வந்த உபதேசியார் அவன் பேச்சில் பேசினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனை மரபு, கடல் கடந்தும் ஊர் நினைவைக் காத்தது. வேதத்தைத் தானே வாசிக்க எழுத்தறிவு வேண்டும். ஆதலின் பணி சென்ற இடத்தில் பாடமும் சென்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அங்கே மாரியம்மன் கோயிற் பிள்ளைகளும் ஆலயப் பிள்ளைகளும் ஒரே அரிச்சுவடியைப் பயின்றனர்.

குறையும் இல்லாமலில்லை. மொழி ஒன்றாயினும் எழுத்தருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையிலான தூரம் எளிதில் குறையவில்லை. சாதியும் கப்பலேறியே வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். எண்ணற்ற குடும்பங்கள் சிதறின.

போருக்குப் பின் பொறுப்பு உள்நாட்டார் கைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் லுத்தரன் சபை தனித்திருச்சபையாயிற்று. 1968இல் மெதடிஸ்டுத் திருச்சபை தன்னாட்சி பெற்றபோது தமிழருக்கெனத் தனி ஆண்டு மாநாடும் அமைந்தது.

பின்னர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று தமிழ் ஆராதனை தொடர்கிறது. எனினும் தமிழில் பாடும் இளைஞருள், தமிழ் வேதத்தைத் தடையின்றி வாசிக்க இயலாதாரும் உளர். எழுத்தறியாதாரைத் தேடிச் சென்று எழுத்தறிவித்த பணி அது. அதன் பேரப்பிள்ளைகள் அவ்வெழுத்தை இழப்பின், ஆலயம் நிற்கும்; அதனை வளர்த்த வழி அடைபடும். அவ்வழியைத் திறந்து வைப்பது போதகர் கடமை மட்டுமன்று, தமிழாசிரியர் கடமையுமாகும்.