இரசவாதம்

பெயர்ச்சொல். இரசம் + வாதம்; இரண்டும் வடசொல். இரசம் என்றால் சாறு, சுவை. சித்தர் பேச்சில் பாதரசம். வாதம் என்றால் பேச்சு, கொள்கை. மூட்டைப் பிடிக்கும் வாதம் வேறு. அது காற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தை என்பது வழக்கமான பொருள். பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு இதில் ஒரு கதை உண்டு. இரும்பைப் பொன்னாக்கும் குளிகையைக் கொங்கணச் சித்தர் நீட்ட, திருமழிசையாழ்வார் தம் உடம்பு அழுக்கை உருட்டிக் கொடுத்தாராம், அதுவும் பொன்னாக்கியதாம்.

16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் பாராசெல்சஸ், ‘அல்கெமி’யின் வேலை பொன் செய்வதல்ல, மருந்து செய்வது என்றார். அவரைத் தமிழாக்குபவர் அந்தச் சொல்லுக்கு ‘வேதியியல்’ என்று போட்டால் அதில் கலந்துள்ள மந்திரமும் விண்மீனும் உதிர்ந்துவிடும். ‘மாயவித்தை’ என்றால் மருந்து உதிர்ந்துவிடும். பாதரசத்தைச் சுத்தி செய்து மருந்தாக்கும் சித்த வைத்தியத்தை அறிந்த நமக்கு ‘இரசவாதம்’ இரண்டையும் தாங்கும். ‘இரசவாதி’யை மட்டும் முழுதாக எழுத வேண்டும். வெறும் ‘வாதி’ என்றால் வாசகர் பூந்தமல்லி நீதிமன்றத்துக்குப் போய்விடுவார்.