வாக்குச்சீட்டும் மருந்துத்துண்டும்

யேர்மனியில் ஒவ்வொரு மாதமும் என் சம்பளத்தில் நோய்க் காப்புறுதிக்கென 7.3 வீதமும், அதற்கு மேல் ஒரு கூடுதல் பங்கும் கழிக்கப்படுகின்றன. அதே அளவை முதலாளியும் செலுத்துகிறார். தொழிற்சாலை இடைவேளையில் எம்மவர் ஒருவர் சொன்னார்: "இதல்லோ சேர் நாடு! எங்கட தர்மாஸ்பத்திரியை நினைச்சுப் பாருங்கோ." முன்பு வரலாறு படிப்பித்தவன் என்ற வகையில் அவருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

1883இல் இங்கு நோய்க் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிஸ்மார்க். கருணையினால் அல்ல. 1878இல் சோசலிச அமைப்புகளைத் தடைசெய்தவரும் அவரே. தொழிலாளரை அவர்களிடமிருந்து பிரித்தெடுப்பதே நோக்கம். அன்று பங்களிப்பில் மூன்றில் இரண்டைத் தொழிலாளியே செலுத்தினான். பிரித்தானியா வேறு வழியில் சென்றது. 1942இன் பெவரிட்ஜ் அறிக்கையைத் தொடர்ந்து, 1948 யூலை 5இல் அனூரின் பெவன் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கினார். பணம் பெரும்பாலும் வரியிலிருந்து வந்தது. பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் அறவிட அரசு முடிவெடுத்தபோது, 1951இல் அவர் அமைச்சுப் பதவியைத் துறந்தார்.

அதே 1951இல்தான் இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வாக்குள்ள கிராமத்தவனின் சாவை அரசியல்வாதிகளால் இலகுவில் புறக்கணிக்க முடியவில்லை. ஆகவே நண்பரே, அது தர்மம் அல்ல, உரிமை. ஆனால் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, வாக்கையும் இழந்த மலையகத் தொழிலாளரின் வைத்தியம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டது.

வாக்கில்லாதவனுக்கு மருந்தும் அரைகுறை என்பதை நான் இங்கேயும் கண்டேன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் எனக்குப் பல்வலி வந்தது. 1993இல் வந்த சட்டத்தின்படி விண்ணப்பதாரருக்கு அடிப்படையில் உரியது கடும் நோய்க்கும் வலிக்குமான வைத்தியம் மட்டுமே. காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைக் கழற்றினார்கள். வலி தீர்ந்தது, சட்டமும் நிறைவேறியது. காப்புறுதி அட்டை பின்னர்தான் கைக்கு வந்தது.

இன்று எம்மில் பலர் இந்நாட்டுப் பிரசைகள். சற்று உயர்ந்த சம்பளம் பெறுவோர் தனியார் காப்புறுதிக்கு மாறி, விரைவில் வைத்தியரைக் காண்பதைப் பெருமையாகப் பேசுகின்றனர். புதிதாக வரும் அகதிகளுக்கு "இவ்வளவும் ஏன்?" என்று கேட்பவர்களும் எம்மிடையே உள்ளனர். வரலாறு எமக்குச் சொல்வது ஒன்றே: மருந்து எங்கும் தானாகக் கிடைத்ததில்லை, வாக்குள்ளவர்கள் கேட்டதால் கிடைத்தது. இப்போது வாக்கு எம்மிடம் உள்ளது. முகாமில் பல்வலியோடு இருப்பவனுக்காக நாம் கேட்போமா? மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுங்கள்.