சங்கத்துக்குப் பிள்ளைகள் ஏன் வந்தார்கள்?

வைகாசிப் பௌர்ணமி நெருங்கும்போதெல்லாம் பௌத்த அன்பர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "கூட்டத்துக்கு வருவதெல்லாம் நரைத்த தலைகள்தான். பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை." பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வழி கேட்கிறார்கள். வழியை நான் பழைய வரலாற்றில்தான் தேடினேன்.

1898ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சித்த மருத்துவர் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை சென்று, சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு கொழும்பில் திசாநாயக்க என்பவர் இளைஞர் பௌத்த சங்கத்தை ஏற்படுத்தினார். 1906இல் இரங்கூனிலும் அதே பெயரில் ஒரு சங்கம் எழுந்தது. பகோடாக்களுக்குள் வெள்ளைக்காரர்கள் செருப்புக்காலோடு நுழைவதை எதிர்த்தவர்கள் அந்த இளைஞர்கள்தான். யார் எப்படி வரவேண்டும் என்பதை அந்தந்த இடத்துத் தலைமைப் பிக்குவே தீர்மானிக்கலாம் என்று 1919இல் அரசாங்கம் இறங்கி வந்தது.

இரங்கூனும் கொழும்பும் நமக்குத் தூரம். கோலார் தங்கவயல் அப்படியல்ல. காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் மாறினால் மாரிக்குப்பம். பழைய வடஆற்காடு ஜில்லாவிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே சுரங்க வேலைக்குப் போயின. பெரும்பாலோர் ஊரில் நிலமும் இல்லாமல், மனிதராகவும் மதிக்கப்படாமல் இருந்தவர்கள். சந்தவாசல், கண்ணமங்கலம், போளூர்ப் பக்கத்து வாசகர்களில் சிலருக்குத் தங்கவயல் என்பது தாத்தா வேலை பார்த்த ஊராகவே இருக்கும்.

மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை வலுவாக வேரூன்றியது. வடஆற்காட்டில் திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. சொற்பொழிவு, திருமணம், இறுதிச் சடங்கு எல்லாம் பௌத்த முறையில் நடந்தன. பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. வாசகர் எழுதிக் கேட்ட ஐயங்களுக்கு அதில் விடை வந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, பின்னாளில் கோ. அப்பாதுரையார் அதே இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சாம்பியன் ரீப்பில் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது.

இதில் பிள்ளைகளுக்கு என்ன பங்கு? எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் எழுத்தறிந்தவர் என்றால் பெரும்பாலும் பள்ளிக்குப் போன பிள்ளைதான். ஆகவே சங்கத்தில் அந்தப் பிள்ளை பெரியவர்களுக்குத் தேவைப்பட்டவன் என்பது என் எண்ணம். "நீ வந்தால் நல்லது" என்பதற்கும் "நீ வராவிட்டால் வேலை நடக்காது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

நம் பட்டுத் தறி வீடுகளைப் பாருங்கள். நெசவின் பெருமையைப் பேசியா பிள்ளைக்குத் தொழில் பழக்கினார்கள்? முதலில் தார் சுற்றக் கொடுத்தார்கள். அடுத்து அறுந்த இழையை முடியச் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் அவனே தறிக்குழியில் இறங்கினான்.

அம்பேத்கரும் இதை அறிந்தவர். 1927லேயே சமதா சைனிக் தளம் என்ற தொண்டர் படை உருவானது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் பௌத்தம் ஏற்றபோது, கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது அந்தத் தொண்டர்களே. நம் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சார நூலை, 1948இல் முன்னுரை தந்து மறுபடி அச்சேற்றியவரும் அம்பேத்கர்தான். பழைய தலைமுறையின் உழைப்பை எடுத்துப் புதிய தலைமுறையின் கையில் கொடுப்பது என்றால் இதுதான்.

ஆகவே அன்பர்களே, பிள்ளைகளை ஊர்வலத்தில் கொடி பிடிக்கவும் நாற்காலி போடவும் மட்டும் கூப்பிடாதீர்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நூலை வாங்கி வையுங்கள். வாரம் ஒரு கட்டுரையை ஒரு பிள்ளை படித்து, தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். பெண் பிள்ளைகளுக்கும் சம முறை கொடுங்கள். கேள்வி கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று அடக்காதீர்கள். 'தமிழன்' இதழே கேள்விகளுக்கு இடம் கொடுத்து வளர்ந்தது. வரவு செலவுக் கணக்கையும் ஒரு இளைஞரிடம் ஒப்படையுங்கள்.

இன்னொரு வேலை அவசரமானது. தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்டன. அங்கே பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. சங்கக் கூட்டங்களையும் அங்கே நடந்த கல்யாணங்களையும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் கைபேசியைக் குறை சொல்வதை விட்டு, அதிலேயே அந்தப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் பிள்ளைகள் வருவார்கள். நாம் தாமதித்தால், அவர்கள் வரும்போது சொல்வதற்கு ஆள் இருக்காது.