கல்லாங்குத்தில் பூத்தவை

தென்காசியை அடுத்துக் குத்துக்கல்வலசை என்றோர் ஊர் உண்டு. குற்றாலத்துக்கு நீராட வருவோர் அப்பெயரை வழிகாட்டிப் பலகையில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இஃதென்ன வாயில் நுழையாத பெயர் என்று சிரித்துக்கொண்டே போய்விடுவர். பிரித்துப் பார்ப்பவருக்கோ அது நல்ல தமிழ்ப் பெயர். குத்துக்கல் என்பது செங்குத்தாக நிற்கும் கல்; நம் முன்னோர் நட்டு நிறுத்திய நெடுங்கற்களையும் மக்கள் அப்பெயராலேயே அழைப்பர். வலசை என்பது இருந்த இடம் விட்டு வேறிடம் பெயர்ந்து செல்லுதல். பறவைகளும் வலசை போகும். பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சிய குடிகளும் வலசை போவர். நின்ற கல்லும் நில்லாத மக்களும் ஒரே பெயரில் கூடியிருக்கும் அழகை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

கல்லைப் பற்றி இன்னொரு சொல்லும் நம் நாட்டில் வழங்குகிறது. அது புலவர் வாயில் வழங்குவதன்று, கணக்குப்பிள்ளை ஏட்டில் வழங்குவது. உழவுக்கு உதவாத பாறை நிலத்தை வருவாய்த்துறைக் கணக்கில் ‘கல்லாங்குத்து’ என்று எழுதி வைப்பார்கள். பாறைப் புறம்போக்கு என்பதும், தீர்வை ஏற்படாத தரிசு என்பதும் அதன் உடன்பிறப்புக்கள். நெல் விளையாது, வரி வாராது, ஆகவே ஒன்றுமில்லை என்பது அச்சொற்களின் உட்கிடை. நான் இன்று சொல்லப் புகுவது அந்த ‘ஒன்றுமில்லாத’ நிலத்தில் பூக்கும் பூக்களின் வரலாறு.

குற்றாலத்தைப் பற்றிப் பேச வருகிறவர் அருவியைப் பேசுவர், திரிகூட ராசப்பக் கவிராயரைப் பேசுவர், ரசிகமணி டி. கே. சி. வீட்டு விருந்தைப் பேசுவர். அவை யாவும் பேசத் தக்கனவே. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வீசும்போது, நீராடுவோர் கூட்டத்தை விட்டு விலகி, ஊருக்குப் புறத்தேயுள்ள பாறை மேடுகளில் கால் மணி நேரம் குனிந்த தலையோடு நடந்து பாருங்கள். சார்னோக்கைட், நைஸ் என்று நிலநூலார் கூறும் மிகப் பழைய பாறைகள் அவை. அவற்றின் பள்ளங்களில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் மண் இராது. அந்த மண்ணிலும் சத்து என்று சொல்ல அதிகமில்லை. நான்கு நாள் வெயில் அடித்தால் அடுப்பு. ஒரு நாள் தூறினால் சேறு.

அங்கேதான் விஷ்ணுகிராந்தி நீலக்கண் விழித்துக் கிடக்கிறது. ஓரிதழ்த்தாமரை, பெயருக்கேற்ப ஒரே ஓர் இதழைப் பெரிதாக விரித்துக்கொண்டு நிற்கிறது. கோடையில் இலையின்றி வெறும் தண்டை மட்டும் நீட்டிப் பூக்கும் நரிவெங்காயம், சாரற்காலத்தில் இலையை மட்டும் காட்டிக்கொண்டு பூவைப் பற்றி வாய் திறவாது இருக்கிறது. நீர் கசியும் பாறைச் சரிவில் யூட்ரிகுலேரியா என்ற நுண்செடி, கடுகு போன்ற பைகளை நீர்க்கசிவுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, மேலே ஒன்றும் அறியாததுபோல் ஊதாப் பூவைக் காட்டுகிறது. அந்தப் பைகள் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும் பொறிகள்! அதன் அருகே ஈர மணலில் அழுகண்ணி. இலை முழுவதும் செம்மயிர். மயிர் நுனிதோறும் ஒரு பசைத்துளி. அழுத கண்ணின் நீர் போலத் தோன்றுவதால் அப்பெயர். ஈயோ எறும்போ வந்து ஒட்டினால் மயிர்கள் மெல்ல வளைந்து மூடிக்கொள்ளும். மண் கொடுக்காத தழைச்சத்தை அது பூச்சியிடமிருந்து வசூலித்துக் கொள்கிறது. இதன் மேனாட்டுச் சுற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

வறண்ட பாறையோரத்து முட்புதரின் நிழலில் நாற்பட்டைத் தண்டோடு கள்ளிமுளையான் நிற்கும். இலை இல்லை என்றே சொல்லிவிடலாம். நான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், “என்ன அய்யா தேடுதிய? அது கள்ளிமுளையான்லா! ஒரு துண்டு கடிச்சுக்கிட்டா மத்தியானம் வரைக்கும் பசியும் தெரியாது, தண்ணியும் தேடாது” என்றார். பயிர்நூலார் இதற்கு இட்ட பெயர் கரல்லுமா. அச்சொல்லும் இலத்தீன் அன்று. வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற கம்பெனி மருத்துவர் தெலுங்கு நாட்டு மக்களிடம் கேட்டு எழுதி வைத்த பெயரிலிருந்து பிறந்ததாக ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆட்டிடையன் அறிவு ஐரோப்பியப் புத்தகத்துக்குள் நுழைந்த வழி இதுதான்.

வளங்கெட்ட நிலத்தில் இத்தனை விந்தை ஏன் என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை சொல்ல உலகத்தில் மிகத் தெளிவான சான்றாக இருப்பது செர்ப்பன்டைன் என்ற பாறை. பாம்பின் தோல் போலப் பசுமையும் கருமையும் விரவியிருப்பதால் அதற்கு அப்பெயர். அது சிதைந்து உண்டாகும் மண்ணில் மெக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நிக்கலும் குரோமியமும் வேறு கலந்திருக்கும். சாதாரணச் செடிக்கு அது நஞ்சு. ஆகவே ஊரை அடைத்து வளரும் வலிய புல்லும் மரமும் அங்கே எளிதில் கால் வைப்பதில்லை. அவை வாராத காரணத்தாலேயே, வேறிடத்தில் போட்டியிட்டு வெல்ல மாட்டாத சிறு பூண்டுகள் அங்கே நிம்மதியாகக் குடியிருக்கின்றன. அவையும் வலசை வந்த குடிகள் என்றே எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகருக்கு அருகே சோல்ஜர்ஸ் டிலைட் என்று ஒரு செர்ப்பன்டைன் வெளி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐசக் டைசன் என்ற வணிகர் அங்கே குரோமியம் தோண்டினார். சில பத்தாண்டுகள் உலகச் சந்தைக்கே அப்பகுதிதான் குரோமியம் தந்தது. வேறிடங்களில் தாது கிடைத்ததும் சுரங்கங்கள் ஓய்ந்தன. இன்று ஏறக்குறைய 1,900 ஏக்கர் நிலம் அரசின் காப்பில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஓரம் கிழிந்த பட்டுப்போல விரியும் நீல ஜென்ஷியன் பூவைக் காண மக்கள் அங்கே செல்கின்றனர். பழங்குடியினர் வேட்டைக்காகத் தீயிட்டு வந்த காலத்தில் அவ்வெளி திறந்து கிடந்தது. தீ நின்றபின் பைன் மரங்கள் உள்ளே நுழைந்து பூக்களை மூடத் தொடங்கின. ஆகவே காவலர்களே இப்போது பைன் மரங்களை வெட்டி, அளவறிந்து தீயும் இடுகிறார்கள். மரம் நடுவதே காப்பு என்று எண்ணும் நமக்கு, மரம் வெட்டுவதும் காப்பாகும் இடம் உண்டு என்பது விளங்கச் சற்றுக் காலம் செல்லும்.

நம் மாநிலத்தில் அவ்வகைப் பாறைக்குச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். சேலம் நகருக்கு வடக்கே வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் நரம்புகள் ஓடும் மேடுகள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் அவ்வெண்மையைக் கண்டு ‘சாக்குக் குன்றுகள்’ என்று பெயர் வைத்தனர். அங்கே வெள்ளைக்கல்லைப் பற்றிய கணக்கு நிறைய உண்டு, பூவைப் பற்றிய பேச்சுக் குறைவு. குற்றாலத்துப் பாறை செர்ப்பன்டைன் அன்று; எனினும் மண் மெலிந்தால் பூ வேறாகும் என்னும் நியதி இரண்டுக்கும் ஒன்றே.

பாறையையும் பூவையும் ஒருங்கே பார்த்த கண் நமக்குப் புதிதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் அருவியில் ஆடிவிட்டு, காந்தள் தொடங்கித் தொண்ணூற்றொன்பது வகைப் பூக்களைப் பறித்து, மழை கழுவிவிட்ட அகன்ற பாறையின்மேல் குவிக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கும் ஒரு வரலாறு உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, கிடைத்த ஏடுகளில் அவ்விடத்தில் சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றைத் தேடி அலைந்து, முடிவில் தருமபுர ஆதீனத்து ஏட்டுச் சுவடியில் கண்டெடுத்தார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. அத்தேடலைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைக்கு ‘உதிர்ந்த மலர்கள்’ என்று தலைப்பிட்டார். ஏட்டில் உதிர்ந்த மலரை மீட்க ஒரு சாமிநாதையர் கிடைத்தார் என்பதை நினைத்து மகிழ்கிறோம். ஆனால் அத்தொண்ணூற்றொன்பதில் இது எந்தச் செடி, அது எந்தச் செடி என்று பாறைமேல் நின்று காட்டச் சொன்னால், புலவர் பயிர்நூலாரைப் பார்ப்பார். பயிர்நூலார் புலவரைப் பார்ப்பார்.

இனிக் கம்பெனிக் காலத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் குற்றாலத்தில் முதலில் கண்டது பூவை அன்று, காசை. ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர் கையில் பொன்னாய் விளைந்த காலம் அது. இம்மலையடிவாரத்து ஈரத்தில் அவற்றைப் பயிரிடலாம் என்று கம்பெனியார் நறுமணப் பயிர்த் தோட்டம் வைத்தனர். அம்முயற்சியில் முன்னின்றவர் காசமேஜர் என்ற அதிகாரி. குற்றாலத்தை ஒட்டியுள்ள காசிமேஜர்புரம் என்ற ஊர் அவர் பெயரையே தாங்கியது என்பர். காசியையும் மேஜரையும் சேர்த்து ஒரு வெள்ளைக்காரரை நம் மக்கள் தென்காசிக்காரராகவே ஆக்கிவிட்டனர்!

பெயர் வைப்பதில் இன்னொரு வேடிக்கை. இம்மலைகளின் செங்குத்தான பாறை விளிம்புகளில், வேறு மரம் நிற்க அஞ்சும் இடத்தில், மெலிந்து உயர்ந்த பனையினம் ஒன்று நிற்கிறது. அதன் பயிர்நூற் பெயர் பென்டிங்கியா கொண்டப்பனா. முற்பகுதி சென்னை ஆளுநராயிருந்த வில்லியம் பென்டிங் பிரபுவுக்குச் செய்த மரியாதை. பிற்பகுதியில் நம் நாட்டுப் ‘பனை’ அப்படியே நிற்கிறது.

பூவுக்காகவே குற்றாலம் வந்த மனிதர் ராபர்ட் வைட். ஸ்காத்லாந்தில் 1796இல் பிறந்தவர். 1819இல் கம்பெனியின் மருத்துவராக இந்தியா வந்தார். படைக்கு மருந்து கொடுத்த நேரம் போக மிஞ்சிய நேரமெல்லாம் செடி சேர்த்தார். 1831இல் தாயகம் சென்று, ஆர்னட் என்ற நண்பருடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலை 1834இல் வெளியிட்டார். அவ்வாண்டே திரும்பி வந்தவர், படையோடு பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் எட்டிப் பிடிக்கும் தொலைவு. விடுவாரா? வந்தார்; சேர்த்தார்; குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றிச் சென்னையில் வெளிவந்த ஆராய்ச்சி இதழில் எழுதினார்.

வைட்டின் பெரும்பணி, 1853இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்திய தாவரப் படநூல். அதில் உள்ள படங்கள் 2,101. எண்ணிப் பாருங்கள், இரண்டாயிரத்து நூற்றொரு செடிகளின் உருவம்! இவற்றுள் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் நம் நாட்டு ஓவியர். பறித்த பூ வாடுவதற்குள் அதன் இதழையும் மகரந்தத் தாளையும் சூலறையின் குறுக்கு வெட்டையும் வரைந்து வண்ணம் தீட்டினார்கள். பயிர்நூல் கற்ற வைட்டின் கண்ணும், கல்லூரி காணாத இவர்கள் கையும் சேர்ந்து அந்நூலை ஆக்கின என்பதே என் முடிபு. மூல ஓவியங்களில் பல இன்று எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் பேணப்படுகின்றன. ஓவியர் இருவருடைய பிறப்பையோ இறப்பையோ பற்றி நம்மவர் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தவை செடிகளே. 1832இல் நீஸ் என்ற ஜெர்மானியர், ஆடாதோடை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூண்டுக்கு ‘ரங்கியா’ என்று பெயரிட்டார். வைட், ஓர் ஆர்க்கிட் செடிக்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். பின்வந்த பயிர்நூலார் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்தது. ரங்கையாவின் பெயர் நிலைத்தது.

காப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றாலத்து மலைக்காடுகள் அடங்கிய பகுதி 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 356 சதுரக் கிலோமீட்டர். மலை காப்பாற்றப்பட்டது நன்று. மலையடிவாரத்துக்குக் கீழே, ஊரும் வயலும் சூழ்ந்து கிடக்கும் கல்லாங்குத்துக்களோ காட்டுக் கணக்கிலும் சேராதவை, நன்செய்க் கணக்கிலும் சேராதவை. அங்கே முதலில் வருவது பார்த்தீனியம், பிறகு குப்பை, பிறகு கல் உடைக்கும் பொறி அல்லது மனைப்பிரிவின் அளவுகற்கள். அதற்கும் ஒரு வகையில் குத்துக்கல் என்றுதான் பெயர்! இதற்கிடையில் ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டம் கூட்டமாக மக்கள் படம் எடுக்க வருகிறார்கள். நன்று, வரட்டும். அமெரிக்காவிலிருந்து வந்து எண்ணெய்க்காகப் பயிராகும் அப்பூவுக்கு நான் பகைவன் அல்லேன். சாலையோரத்துப் பாறையில் அவர்கள் நிறுத்தும் வண்டிச் சக்கரத்தின் கீழ் விஷ்ணுகிராந்தி இருக்கிறது என்பதே என் வருத்தம்.

பாறை நிலத்தையும் காக்கலாம் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்று. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள அக்குன்றுகளையும் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்து, 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பை 2022 நவம்பரில் தமிழக அரசு முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. இரண்டாண்டு கழித்து, அதையும் உள்ளடக்கிய வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டனர்; 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை நீக்கியது. அவ்வூரார் தம் குன்றுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வல்லவர்கள்.

தென்காசிப் பக்கத்து வயல் வரப்புக்களிலும் பாறையோர ஈரத்திலும், மழைக்குப் பின் தரையோடு படர்ந்து, கடுகளவினும் சற்றே பெரிய வெளிர்நீலப் பூக்களைப் பூக்கும் பூண்டு ஒன்று உண்டு. மாடு அதைப் புல்லோடு சேர்த்து மேய்ந்துவிட்டுப் போகும். அதுதான் ரங்கையாவின் பெயர் தாங்கிய செடி.